திரும்பும் லாரியா, தனி லாரியா, பார்ட் லோடா?

ஒரே சாலை, ஒரே தூரம், ஒரே வகை லாரி. இங்கிருந்து அங்கே சரக்கு அனுப்ப ஒரு வாடகை சொல்கிறார்கள். அங்கிருந்து இங்கே கொண்டுவரக் கேட்டால் அதில் பாதிதான் சொல்கிறார்கள். முதன்முதலாகச் சரக்கு அனுப்புகிறவருக்கு இதில் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் தோன்றும். யாரும் ஏமாற்றவில்லை. முதல் வாடகையில் லாரி காலியாகத் திரும்பும் செலவும் சேர்ந்திருக்கிறது. இரண்டாவதில் அந்தச் செலவை வேறு யாரோ ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள்.

நாம் வாடகையைக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பார்க்கிறோம். லாரிக்காரர் பார்ப்பது ஒரு முழுச் சுற்றை. சரக்கோடு போய்ச் சேர 60, காலியாகத் திரும்ப 40, ஆக 100 என்று வைத்துக்கொள்வோம். காலி வண்டிக்குச் செலவு குறைவுதானே என்று கேட்கலாம். குறைவுதான், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. ஓட்டுநர் சம்பளம், சுங்கம், வண்டிக் கடனுக்கான தவணை எல்லாம் அப்படியேதான் இருக்கும். டீசல்கூட, நிறைபாரத்தில் குடிப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கனரக வண்டி காலியாக ஓடும்போதும் குடித்துவிடும்.

அந்த 40 எப்படியும் செலவாகப் போகிறது. திரும்பும் வழியில் உங்கள் சரக்கை ஏற்றினால் கூடுதல் டீசல், ஏற்றி இறக்கும் நேரம், உங்கள் கிடங்குக்கு வந்துபோகும் சுற்று என்று இன்னும் ஒரு 15 சேரும். அந்த 15-க்கு மேல் நீங்கள் தருவது எல்லாம் அவருக்கு லாபம். மறுபக்கம், தனி லாரி அமர்த்தினால் நீங்கள் 100-க்கு மேல் தரவேண்டியிருக்கும். திரும்பும் வண்டியில் ஏற்றும் இந்த 'ரிட்டன் லோடு' பேரம் முழுக்க இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான். அது 30-இல் முடியுமா, 80-இல் முடியுமா என்பது அன்றைக்கு அந்த ஊரில் எத்தனை வண்டி காலியாக நிற்கிறது, எத்தனை பேர் சரக்கோடு காத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

காலியோட்டம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட்டின் கணக்குப்படி, அங்கே சரக்கு வண்டிகள் ஓடும் கிலோமீட்டர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காலியோட்டம். தங்கள் சரக்கைத் தங்கள் வண்டியிலேயே கொண்டுபோகும் நிறுவனங்களில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். அமெரிக்காவில் இதற்குச் சட்டமே ஒரு காரணமாக இருந்தது. தன் பொருளை இறக்கிவிட்டுத் திரும்பும் நிறுவன லாரி, வழியில் அடுத்தவர் சரக்கை வாடகைக்கு ஏற்ற முடியாமல் இருந்தது. 1978-இல் வந்த ஒரு தீர்ப்பும், 1980-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட மோட்டார் கேரியர் சட்டமும் அந்தப் பூட்டைத் திறந்தன. அதே 1978-இல்தான் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில், லாரிகள் நிற்கும் ஓரிடத்தில், சரக்கையும் காலி வண்டியையும் சேர்த்துவைக்கும் டயல்-ஏ-டிரக் தொடங்கியது. இன்று கைபேசிச் செயலிகள் செய்வதும் அதே வேலைதான்.

சரி, உங்கள் சரக்குக்கு இது சரிப்படுமா?

முதலில் திசையைப் பாருங்கள்

ஒவ்வொரு தடத்திலும் சரக்கு அதிகமாகப் போகும் பக்கம் ஒன்று உண்டு. பொருள் விளையும், உற்பத்தியாகும் இடத்திலிருந்து அது தீரும் இடத்துக்கு லாரிகள் நிறைந்து போகும், பாதி காலியாகத் திரும்பும். நீங்கள் அனுப்புவது அந்த ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் என்றால் ரிட்டன் வண்டி உண்மையிலேயே மலிவு. ஓட்டத்தோடு போகிற சரக்கு என்றால், புரோக்கர் 'ரிட்டன் வண்டிதான் சார்' என்று எத்தனை முறை சொன்னாலும் அது பேச்சுக்குத்தான். அந்தப் பக்கம் போகிற எந்த லாரியும் உங்களை நம்பி இல்லை.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரே நாளில், ஒரே எடைக்கு, இரண்டு திசைக்கும் வாடகை கேளுங்கள். உங்கள் திசைக்குச் சொன்னது குறைவாக இருந்தால் நீங்கள் ரிட்டன் பக்கத்தில் இருக்கிறீர்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்றால் அந்தத் தடத்தில் சரக்கு சமமாக ஓடுகிறது, பெரிய தள்ளுபடியை எதிர்பார்க்க வேண்டாம். அறுவடைக் காலம், பண்டிகைக்கு முந்தைய வாரங்கள் என்று பருவத்துக்கு ஏற்ப இந்தத் திசை புரளவும் செய்யும். போன ஆண்டு கேட்ட விலையை இந்த ஆண்டுக்கு நம்பக் கூடாது.

எதிர்த்திசை என்றாலே கட்டாயம் மலிவாகக் கிடைக்கும் என்றும் இல்லை. 2021-இல் கப்பல் கொள்கலன்களுக்கு நடந்தது இதற்கு நல்ல பாடம். ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சரக்குக் கட்டணம் அப்போது விண்ணைத் தொட்டது. அமெரிக்க விவசாயிகள் தங்கள் விளைச்சலை ஏற்றத் தயாராக நின்றும், கப்பல் நிறுவனங்கள் பல கொள்கலன்களைக் காலியாகவே ஆசியாவுக்குத் திருப்பி அனுப்பின. தானியம் ஏற்றக் காத்திருக்கும் நாள்களில் அந்தப் பெட்டி ஆசியா போய் அடுத்த விலையுயர்ந்த சரக்கைப் பிடித்துவிடும் அல்லவா. இந்த மனக்குறை பெரிதாகி 2022-இல் அமெரிக்காவில் கடல் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தையே திருத்தினார்கள். லாரிக்காரரும் இதே கணக்கைத்தான் போடுகிறார். நல்ல வாடகை தரும் பக்கத்துச் சரக்கு அவருக்காகக் காத்திருக்கிறது என்றால், உங்கள் ரிட்டன் லோடுக்காக ஒரு நாள் நிற்பதைவிடக் காலியாக ஓடிவிடுவது அவருக்கு லாபம்.

தனி லாரி

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் சொன்ன நேரத்துக்கு வரும், உங்கள் சரக்கை மட்டும் ஏற்றும், வழியில் வேறு எங்கும் இறக்காமல் நேரே போகும். போகவர இரண்டுக்கும் பணம் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். நாள் தவறினால் வாடகையைப்போலப் பல மடங்கு நட்டம் வரும் சரக்குக்கு இதைத் தவிர வேறு யோசனை வேண்டாம்.

நான் இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஓர் இயந்திரம் திங்கட்கிழமை காலை போய்ச் சேர வேண்டும். அதைப் பொருத்த மூன்று பேர் வெளியூரிலிருந்து வந்து தங்கியிருந்தார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று ரிட்டன் வண்டி பேசினேன். நல்ல வண்டி, நல்ல ஓட்டுநர். ஆனால் அவர் கொண்டுவந்த சரக்கை இறக்க வேண்டிய கிடங்கில் இடமில்லை. வெள்ளி மாலை என்றவர்கள் ஞாயிறு இரவுதான் இறக்கினார்கள். இயந்திரம் புதன்கிழமை போய்ச் சேர்ந்தது. மிச்சம்பிடித்த வாடகையைவிட மூன்று பேரின் தங்கும் செலவும் சம்பளமும் அதிகம்.

இதில் ஓட்டுநர் மீது என்ன தப்பு இருக்கிறது? ரிட்டன் வண்டியின் அடிப்படையான பலவீனமே இதுதான். முன்பின் தெரியாத ஒருவருடைய கிடங்கில் இறக்கும் வேலை எப்போது முடிகிறதோ, அப்போதுதான் உங்கள் வேலை தொடங்கும்.

பார்ட் லோடு

ஒரு லாரி நிறையாத சரக்குக்குப் பெரும்பாலானோர் முதலில் போவது பார்சல் சர்வீஸுக்குத்தான். பல பேர் சரக்கைச் சேர்த்து அனுப்புவார்கள், நீங்கள் எடைக்கு மட்டும் கொடுத்தால் போதும். இதுதான் பார்ட் லோடு. சின்னச் சரக்குக்கு இதை எதுவும் அடிக்க முடியாது.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, எடை என்பது தராசு காட்டும் எடை மட்டும் அல்ல. இடத்தை அடைக்கும் சரக்குக்குக் கன அளவை எடையாக மாற்றி வாங்குவார்கள். ஐரோப்பியச் சாலைப் போக்குவரத்தில் ஒரு கனமீட்டருக்கு 333 கிலோ என்பது பரவலான வழக்கம், விமானச் சரக்கில் 167 கிலோ. 60 கிலோ ஸ்பாஞ்ச் இரண்டு கனமீட்டர் இடம் பிடித்தால், அந்தக் கணக்கில் 666 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். மெத்தை, காலி டப்பா, மின்விளக்கு மாதிரியான சரக்கை அனுப்புகிறவர்களுக்கு ரிட்டன் வண்டி ரொம்பவும் ஒத்துப்போவது இதனால்தான். லாரியின் கொள்ளளவு முழுவதும் உங்களுடையது, எடையைப் பற்றி அங்கே யாரும் பேசப்போவதில்லை. இரண்டாவது, கைமாறும் எண்ணிக்கை. உங்கள் இடத்தில் ஏற்றி, அவர்கள் கிடங்கில் இறக்கி, பெரிய வண்டியில் ஏற்றி, அடுத்த ஊர்க் கிடங்கில் இறக்கி, மறுபடி ஏற்றி, கடைசியாக இறக்கி. உடையக்கூடிய பொருளுக்கு இந்த ஒவ்வொரு கைமாறலும் ஒரு கண்டம்.

இப்போது ஒரு கணக்கு. 10 டன் கொள்ளும் லாரிக்குத் தனி வாடகை 100, ரிட்டன் வாடகை 50, பார்ட் லோடு டன்னுக்கு 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். தனி லாரியோடு மட்டும் ஒப்பிட்டால் 8 டன் வரைக்கும் பார்ட் லோடே மலிவு. ரிட்டன் லாரியைச் சேர்த்துப் பார்த்தால் 4 டன் தாண்டியதுமே ரிட்டன் வண்டி முந்திவிடுகிறது, பாதி காலியாகப் போனாலும்கூட. 4 டன்னுக்கும் 8 டன்னுக்கும் நடுவில் இருக்கிற சரக்குக்காரர்கள்தான் பெரும்பாலும் ரிட்டன் வண்டியைப் பற்றி யோசிப்பதே இல்லை. 'நமக்கு எதற்கு முழு லாரி' என்று பழக்கத்தில் பார்சல் சர்வீஸுக்குப் போய்விடுகிறார்கள். உங்கள் தடத்தின் உண்மையான எண்களை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள், எங்கே கோடு விழுகிறது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

ரிட்டன் வண்டியில் எதைப் பார்ப்பது

வண்டி வகை முதல் சிக்கல். டேங்கரில் மூட்டை போகாது, கார் ஏற்றும் வண்டியில் அட்டைப்பெட்டி போகாது. காலியோட்டத்தில் கணிசமான பகுதி இப்படி எதையுமே ஏற்ற முடியாத காலிதான். ஆனால் கொஞ்சம் யோசித்தால் சில நல்ல பொருத்தங்கள் கிடைக்கும். குளிர்சாதன லாரி திரும்பும்போது குளிரூட்டியை நிறுத்திவிட்டு உலர்ந்த சரக்கை ஏற்றலாம். காப்புச் சுவரின் தடிமனால் உள்ளகலம் கொஞ்சம் குறையும், அதை மட்டும் அளந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது, அந்த வண்டி முன்பு எதை ஏற்றி வந்தது என்பது. இதை நான் கேட்காமல் விடுவதே இல்லை. பூச்சிமருந்து ஏற்றி வந்த வண்டியில் உணவுப்பொருளை ஏற்றக் கூடாது, பெருக்கிச் சுத்தம் செய்திருந்தாலும் கூடாது. மீன் ஏற்றி வந்ததில் துணி ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிமென்ட் தூசியும் ஈரமும் சேர்ந்தால் அட்டைப்பெட்டிகள் போச்சு. வண்டி வந்ததும் உள்ளே ஏறிப் பாருங்கள். தரைப்பலகையில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா, தார்ப்பாயில் ஓட்டை இருக்கிறதா, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றால் வெளிச்சம் தெரிகிறதா, மூக்குக்கு என்ன தெரிகிறது. ஐந்து நிமிட வேலை. பிடிக்கவில்லை என்றால் ஏற்றாதீர்கள். ஏற்றிவிட்டுப் புலம்பினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

மூன்றாவது, ஆள் யார் என்பது. தனி லாரியை நாம் பழகிய இடத்தில் அமர்த்துகிறோம். ரிட்டன் வண்டி பெரும்பாலும் முன்பின் தெரியாதவருடையது, அதுவும் ஒரு புரோக்கர் இன்னொரு புரோக்கரிடம் சொல்லி வந்திருக்கும். நிஜமான நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து சரக்கை ஏற்றிக்கொண்டு மறைந்துவிடும் மோசடி இந்தத் தொழிலில் பல நாடுகளில் உண்டு. அதனால் வண்டி எண், பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று ஏற்றுவதற்கு முன் பாருங்கள். வண்டி உரிமையாளரை, ஓட்டுநர் தந்த எண்ணில் கூப்பிடாமல் நீங்களே தேடி எடுத்த எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். முழு வாடகையையும் முன்பணமாகக் கேட்டால் விலகிவிடுங்கள்.

காப்பீடும் இதோடு சேர்ந்ததுதான். வாடகை வாங்குபவரின் பொறுப்புக்கு எல்லை உண்டு. நாடுகளுக்கு இடையேயான சாலைச் சரக்குக்கு 1956-இல் ஜெனீவாவில் உருவான சி.எம்.ஆர். உடன்படிக்கையில், அதன் பிந்தைய நெறிமுறைப்படி, இழப்பீடு கிலோவுக்கு 8.33 சிறப்பு எடுப்புரிமை (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) அளவுக்குத்தான். எடை குறைந்து விலை அதிகமான சரக்குக்கு அது எங்கே போதும்? ரிட்டன் வண்டியில் மிச்சமாகும் தொகையில் சின்னப் பங்கைச் சரக்குக் காப்பீட்டுக்கு ஒதுக்கிவிடுவது என் வழக்கம்.

தாமதத்தின் விலை

தாமதத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் பல நேரம் தவறான செலவைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். 'சரக்கு மூன்று நாள் நின்றால் பணம் முடங்குமே' என்பார்கள். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்றால் மூன்று நாளுக்குச் சரக்கின் மதிப்பில் 0.1 சதவீதம். 1,00,000 மதிப்புள்ள சரக்குக்கு வெறும் 100. வாடகையில் மிச்சமாவதோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் இது ஒன்றுமே இல்லை.

உண்மையான செலவு மறுமுனையில் இருக்கிறது. அங்கே யாராவது இந்தச் சரக்குக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்களா? தாமதத்துக்கு அபராதம் உண்டா? கெட்டுப்போகுமா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் இரண்டு மூன்று நாள் அங்கே இங்கே ஆவதில் எந்த நட்டமும் இல்லை. கிடங்கை நிரப்பப் போகும் சரக்கு, வீடு மாறும் சாமான், கட்டுமானத்துக்கு முன்கூட்டியே சேர்த்துவைக்கும் பொருள், திருப்பி அனுப்பும் காலிப் பெட்டிகள் எல்லாம் இந்த வகை. இவற்றைத் தனி லாரியில் அனுப்புவது எனக்கு வீண்செலவாகவே படுகிறது.

அடிக்கடி அனுப்புகிறவர்களுக்கு

மாதம் ஒருமுறை அனுப்புகிறவர் செயலியிலோ புரோக்கரிடமோ ரிட்டன் வண்டி தேடினால் போதும். வாரத்துக்கு நான்கு லாரி அனுப்புகிறவர் அப்படித் தேடிக்கொண்டிருந்தால் பாதி மிச்சம் அலைச்சலிலேயே போய்விடும். அவருக்கு இன்னொரு வழி இருக்கிறது. மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, விற்பனைச் சரக்கு எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து பார்க்க வேண்டும். பல நேரம் இரண்டும் ஏறக்குறைய ஒரே திசையில் இருக்கும். சப்ளையர் அவருடைய லாரியில் அனுப்பி அது காலியாகத் திரும்பும். நீங்கள் உங்கள் லாரியில் அனுப்பி இதுவும் காலியாகத் திரும்பும். ஒரே லாரிக்காரரிடம் போக்குக்கும் வரவுக்கும் சேர்த்து ஒப்பந்தம் போட்டால் இரண்டு காலியோட்டமும் மறைந்துவிடும். ஆனால் முதலில் சப்ளையரிடம் 'உங்கள் விலையில் போக்குவரத்து எவ்வளவு, அதைக் கழித்துத் தருவீர்களா' என்று கேட்க வேண்டும். அந்தப் பேச்சுதான் கடினம், லாரி அமைப்பது எளிது.

கேட்கும் விதம்

ரிட்டன் வண்டிக்காரருக்குப் பிடித்த வாடிக்கையாளர் சட்டென்று ஏற்றி அனுப்புகிறவர். சரக்கு கட்டித் தயாராக இருக்கிறது, ஏற்ற ஆள் இருக்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடலாம் என்று சொல்ல முடிந்தால் வாடகையில் அதுவே ஒரு தள்ளுபடி. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓட்டுநர் நாளொன்றுக்குப் பொதுவாக 9 மணி நேரம்தான் ஓட்டலாம், நான்கரை மணி நேரத்துக்குப் பிறகு 45 நிமிட ஓய்வு கட்டாயம். இப்படி நேரக்கட்டு உள்ள இடங்களில் உங்கள் வாசலில் வீணாகும் இரண்டு மணி நேரம் அவருக்கு ஓர் இரவுத் தங்கலாகவே மாறிவிடலாம்.

எடை, நீள அகல உயரம், பெட்டிகளின் எண்ணிக்கை, ஏற்றும் இடம், இறக்கும் இடம் எல்லாவற்றையும் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். நாளைச் சொல்லும்போது 'வியாழன்' என்று சொல்வதைவிட 'செவ்வாய் முதல் சனி வரை எந்த நாளும்' என்று சொன்னால் விலை இறங்கும். காத்திருப்புக் கூலி எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும், ஏற்றுகூலி யாருடையது, வழியில் வேறு சரக்கு ஏற்றலாமா கூடாதா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விலையை ரொம்பவும் இறுக்கிப் பிடிக்காதீர்கள். அந்த 15 என்ற எல்லைக்குக் கிட்டத்தில் பேசி முடித்தால் அவர் வழியில் இன்னொரு சரக்கைத் தேடுவார், உங்கள் சரக்கு ஏதோ ஓர் ஊரில் நின்றுகொண்டிருக்கும்.

இன்னொன்றையும் கேளுங்கள்: வண்டி இப்போது எங்கே நிற்கிறது, காலியாகிவிட்டதா? 'காலியாகிவிட்டது' என்று பதில் வந்தால் நாளைக்கே வண்டி வரும் என்று நம்பலாம். 'காலியாகிவிடும்' என்று வந்தால், மறுமுனையில் இருப்பவரிடம் ஒரு நாள் தள்ளியே தேதி சொல்லுங்கள். நான் இரண்டு நாள் தள்ளிச் சொல்கிறேன்.